படுக்கை விரித்தவர்களின் சங்கம்

ரயில் பெட்டிப் பராமரிப்பில் முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்தவன் என்பதாலோ என்னவோ, அமெரிக்கப் புல்மன் கம்பெனியின் கதை என்னை விடுவதில்லை. அதன் தூங்கும் வசதிப் பெட்டிகளில் படுக்கை விரித்து, பயணிகளின் பூட்ஸைத் துடைத்தவர்கள் கறுப்பர்கள். யாராயிருந்தாலும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிடுவார்களாம். அது முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயர்! (நம் ரயிலில் கோச் அட்டெண்டரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?) மாதம் ஏறக்குறைய 400 மணி நேரம் வேலை. சம்பளம் சொற்பம், மீதிக்கு 'டிப்ஸ்'.

1925-இல் சங்கம் அமைத்தபோது, ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்ற பத்திரிகையாளரைத் தலைமைக்கு அழைத்தார்கள். அவர் புல்மன் ஊழியர் அல்லர்; ஆகவே கம்பெனி அவரை வேலையை விட்டு நீக்க முடியாது! சங்கத்தில் சேர்ந்த மற்றவர்களை நீக்கியது. உறுப்பினர்கள் குறைந்தார்கள், ஆனாலும் சங்கம் கலையவில்லை. 1937-இல் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. வேலை நேரம் 240 மணியாயிற்று, சம்பளமும் உயர்ந்தது.

1941-இல் வாஷிங்டனில் ஊர்வலம் நடத்தப்போவதாக ராண்டால்ஃப் அறிவித்ததும், ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாடு கூடாதென்று அதிபர் ரூஸ்வெல்ட் ஆணை பிறப்பித்தார். 1955-இல் ரோஸா பார்க்ஸ் கைதானபோது அவரை ஜாமீனில் எடுக்க ஓடிய மாண்ட்கோமரி நகரத்து இ. டி. நிக்சனும் புல்மன் ஊழியர், இதே சங்கத்துக்காரர்தான்.