கேத்தரின் பேரரசி: படித்தவர், ஆண்டவர், தயங்கியவர்

இந்த முறை நாம் படிக்கப்போவது ரஷ்யாவை 34 ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் கேத்தரின் பற்றி. 'மகா கேத்தரின்' என்று வரலாறு புகழும் இந்தப் பேரரசி, பிறப்பால் ரஷ்யரே இல்லை. தெரியுமா உங்களுக்கு?

மொழி தெரியாத நாட்டில்

1729-இல், அன்று பிரஷ்யாவிலும் இன்று போலந்திலும் உள்ள ஸ்டெட்டின் நகரில் பிறந்தார். இயற்பெயர் சோஃபி. பேருக்குத்தான் ஜெர்மன் அரச குடும்பம். பெரிய வசதி கிடையாது. 1744-இல், 14 வயதில், ரஷ்ய அரியணை வாரிசு பீட்டருக்கு மணமுடிக்க அழைத்து வரப்பட்டார்.

ரஷ்ய மொழி சுத்தமாகத் தெரியாது. இரவில் எழுந்து, அறைக்குள் வெறுங்காலோடு நடந்தபடியே பாடங்களை மனப்பாடம் செய்தார். அதனால் கடும் நோயில் விழுந்ததையும் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

1745-இல் திருமணம். அந்த வாழ்க்கை இனிக்கவில்லை. புலம்பிக்கொண்டு உட்காராமல் புத்தகத்தைக் கையில் எடுத்தார். வால்டேர், மொந்தெஸ்கியூ என்று ஆண்டுக் கணக்கில் படித்தார். 1762-இல் பீட்டர் மன்னரானார். ஆறே மாதத்தில், காவல் படையின் துணையோடு கேத்தரின் ஆட்சியைப் பிடித்தார். சில நாள்களில் பீட்டர் காவலில் இறந்துபோனார். அந்தக் கறை இன்றுவரை அவர் பெயரை விட்டுப் போகவில்லை.

துணிந்து செய்தவை

1764-இல் பெண்கள் படிக்க ஸ்மோல்னி கல்வி நிலையத்தைத் தொடங்கினார். ரஷ்யாவில் அரசே பெண்களுக்காக நடத்திய முதல் பள்ளி அதுதான். பணத்துக்குத் தவித்த பிரெஞ்சு அறிஞர் திதரோவின் நூலகத்தை விலைக்கு வாங்கி, புத்தகங்களை அவரிடமே விட்டுவைத்து, காப்பாளர் என்று சம்பளமும் கொடுத்தார்.

1768-இல் நடந்தது இன்னும் பெரிசு. அம்மை நோய் ஆயிரக்கணக்கில் உயிர் குடித்த காலம். நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை நல்ல உடம்பில் கீறி ஏற்றுவதுதான் அப்போதைய தடுப்பு முறை. அதிலேயே செத்தவர்களும் உண்டு. மக்கள் பயந்தார்கள். பேரரசி என்ன செய்தார்? டிம்ஸ்டேல் என்ற ஆங்கில மருத்துவரை வரவழைத்து, முதலில் தம் கையை நீட்டினார். பிறகு மகனுக்கும் போடச் சொன்னார். அதற்குப் பின் மற்றவர்களுக்கும் துணிவு வந்தது.

தயங்கிய இடம்

இப்போதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. ரஷ்யாவில் கோடிக்கணக்கான பண்ணையடிமைகள் இருந்தார்கள். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். நிலமில்லாமல் தனியாகவும் விற்கப்பட்டார்கள். 1767-இல் கேத்தரின், சித்திரவதை கூடாது, சட்டத்தின் முன் குடிமக்கள் சமம் என்று ஒரு நீண்ட அறிவுரையை எழுதினார். அதே ஆண்டு, அடிமைகள் எசமானர்மேல் புகார் கொடுக்கவே கூடாது என்ற ஆணையும் அவர் ஆட்சியில்தான் வந்தது!

1773-இல் புகச்சோவ் தலைமையில் பெரும் கலகம் வெடித்தது. அது நசுக்கப்பட்டது. 1790-இல் அடிமைகளின் துயரத்தைப் புத்தகமாக எழுதிய ராதிஷ்சேவ், சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

ஏன் இப்படி? அவரை அரியணையில் ஏற்றியவர்கள் பிரபுக்கள். அவர்களின் செல்வமே அந்த அடிமைகள்தான். அடிமைகளைத் தொட்டால் அரியணை ஆடும். தடுப்பு மருந்துக்காகத் தம் உயிரைப் பணயம் வைத்தவர், இதற்காகத் தம் பதவியைப் பணயம் வைக்கவில்லை. 1796-இல் அவர் இறந்தபோதும் அடிமை முறை அப்படியே இருந்தது. ஒழிந்தது 1861-இல்தான்.

ஆக, அவரை முழுசாகத் தூக்கி வைக்கவும் வேண்டாம். முழுசாகத் தள்ளிவிடவும் வேண்டாம். அவருடைய படிப்பையும் துணிவையும் எடுத்துக்கொள்வோம். படித்தது எந்த இடத்தில் செயலாகாமல் நின்றது என்பதையும் பார்த்துவைப்போம்.

கலந்து பேசுங்கள்

1. புத்தகம் கேத்தரினுக்குக் கொடுத்தது என்ன? கொடுக்க முடியாமல் போனது என்ன?
2. 'நான் முதலில்' என்று கை நீட்டும் தலைவருக்கும், 'நீங்கள் செய்யுங்கள்' என்பவருக்கும் என்ன வேறுபாடு?
3. சரி என்று தெரிந்தும், நம் வசதி போய்விடுமே என்று நாம் தள்ளிப்போடும் காரியம் எது?

மூன்றாவது கேள்விக்குப் பதிலை வெளியே சொல்லணும்னு இல்லை. மனசுக்குள் சொல்லிப் பாருங்க, போதும்.