குவியப் பூட்டு: கையடக்க எண்முறைப் படக்கருவியின் ஓர் அரிய பயன்

முன்னுரை

திருவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரம் நடுவில் அமைய, வயது முதிர்ந்த இருவரை அதன் இருபுறமும் நிறுத்திப் படம் எடுக்கிறோம். வீடு திரும்பிப் பார்க்குங்கால் கோபுரச் சிற்பங்கள் தெளிவாக உள்ளன; பெரியவர்களின் முகங்களோ மங்கிக் கிடக்கின்றன. கோபுரம் நாளையும் அவ்விடத்தே நிற்கும். அவ்விருவரையும் மீண்டும் ஒருங்கே நிறுத்தும் வாய்ப்பு நமக்குக் கிட்டாமற் போகலாம். இத்தகைய இழப்பைத் தவிர்க்க உதவுவதே குவியப் பூட்டு. புகைப்படக் கலைஞர் இதனை ஃபோகஸ் லாக் என்பர்.

கருவி காணும் முறை

குவியத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் சிறு படக்கருவி, 1977ஆம் ஆண்டில் ஜப்பானின் கோனிகா நிறுவனம் வெளியிட்ட சி35 ஏஎஃப் வாயிலாகப் பொதுமக்கள் கைக்கு வந்தது. பின்னர்த் தோன்றிய கையடக்க எண்முறைக் கருவிகளுட் பெரும்பாலானவை லென்சை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கின்றன. ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு எந்நிலையில் மிகுகின்றதோ, அந்நிலையைத் தெளிவெனக் கொள்கின்றன. குவியச் சட்டம் திரையின் நடுவில் இருப்பின், அதனுள் அகப்படுவதையே கருவி அளக்கும். இருவர்க்கும் இடையே உள்ள வெளியின் வழியாகச் சட்டம் கோபுரத்தைப் பற்றுவதாலேயே மேற்கூறிய பிழை நேர்கின்றது. சூம் நீட்டி எடுக்கும்போதும், பொருள் அண்மையில் இருக்கும்போதும், ஒளி குறையும்போதும் இப்பிழை மிகுதியாகப் புலப்படும்.

பூட்டும் முறை

முதற்கண், நடுச்சட்டத்தை ஒருவரின் முகத்தின்மீது வைத்து, ஷட்டர் பொத்தானைப் பாதியளவு அழுத்துக. சட்டம் பச்சை நிறம் பெறும். பல கருவிகளில் சிற்றொலியும் கேட்கும். விரலை எடுக்காமல், கோபுரம் நடுவில் வருமாறு கருவியைத் திருப்பிக் காட்சியை அமைக்க. பின்னர்ப் பொத்தானை முழுவதும் அழுத்துக. இடையில் முன்னோ பின்னோ நகர்தல் கூடாது. தொலைவு மாறினால் பூட்டிய குவியம் பயன்படாது. விரல் தவறி விலகினால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் பாதி அழுத்தம் ஒளியளவையும் பூட்டுவதால், பின்னணி வானம் வெளுத்திருப்பினும் முகம் கருமையுறாது.

வெண்மையும் கிளையும்

பால் வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராசபாளையம் நாயைச் சுண்ணாம்புச் சுவரின் முன் நிறுத்திப் பாருங்கள். வெண்மைக்குள் வேறுபாடு காணாத கருவி தெளிவு தேடித் தடுமாறும். அப்பொழுது மூக்கின் விளிம்பிலோ கண்ணிலோ சட்டத்தை வைத்துப் பூட்டுதல் நன்று. அதுவும் இயலாதெனில், அதே தொலைவிலுள்ள வேறொரு பொருளின்மீது பூட்டிப் பின் நாயின்பால் திருப்பலாம்.

1988இல் அமைந்த திருவில்லிபுத்தூர்ச் சாம்பல்நிற அணில் சரணாலயத்தில் வேறொரு சிக்கல் உண்டு. மரத்தின்மேல் அமர்ந்த அணிலை நோக்கினால், முன்னே குறுக்கிடும் சிறு கிளையையே கருவி பற்றும். அணில் அமர்ந்துள்ள கிளையில், அதற்கு இணையான தொலைவிலுள்ள தெளிவான பகுதியில் பூட்டிக் காத்திருக்க. அணில் இடம் பெயர்ந்தால் பூட்டையும் புதுப்பித்தல் வேண்டும்.

முடிவுரை

முகம் கண்டறியும் வசதி இன்று பல கருவிகளில் உண்டு. கைப்பேசிகள் பலவற்றில் திரையின்மீது விரலைச் சற்று நேரம் அழுத்திவைத்தால் குவியம் பூட்டப்படும். வசதிகள் பெருகினும் அடிப்படை ஒன்றே. தொலைவை அளப்பது கருவியின் வேலை. எதன் தொலைவை அளத்தல் வேண்டும் எனத் தேர்வது நம் வேலை. மாணவர்கள் இதனை முதலில் தத்தம் இல்லத்து முதியோரின் முகங்களில் பழகுவாராக. எண்முறைக் கருவியில் பத்து முறை பிழைத்தாலும் படச்சுருள் வீணாவதில்லை. அப்பயிற்சியால் விளையும் ஒரு தெளிவான படம், பின்வரும் தலைமுறைக்கு அம்முகத்தைக் காட்டும் சான்றாக நிலைக்கும்.