பெரிய ஃபைலில் தேடினால் போன் ஏன் திணறுது?

அரசின் திறந்த தரவுத் தளத்திலிருந்து ஒரு பெரிய பட்டியலை இறக்குகிறீர்கள். உங்க ஊர் பெயர் இருக்கான்னு பார்க்கத் திறந்தால், ஆப் தானாக மூடிக்கொள்கிறது. உடனே புதுப் போன் வாங்கக் கிளம்பாதீங்க. சிக்கல் பெரும்பாலும் தேடும் முறையில்தான்.

எடிட்டர் ஆப்கள் பலவும் முழு ஃபைலையும் ரேமில் ஏற்றப் பார்க்கும். ஸ்டோரேஜ் 128 ஜிபி இருந்தாலும் இங்கே உதவாது. ரேம் வேறு, ஸ்டோரேஜ் வேறு. ரேம் போதாவிட்டால் ஆண்ட்ராய்டு அந்த ஆப்பையே நிறுத்திவிடும்.

இது பழைய தலைவலி. 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லீ மக்மஹோன், 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளில் எதை யார் எழுதியது என்று ஆராய்ந்தார். அத்தனை உரையும் 'எட்' என்ற எடிட்டரின் நினைவகத்தில் அடங்கவில்லை. கென் தாம்சன் அதன் தேடும் பகுதியை மட்டும் தனியே எடுத்து 'கிரெப்' என்ற கருவியைக் கொடுத்தார். கிரெப் வரி வரியாகப் படிக்கும். சொல் இருந்தால் காட்டும், இல்லையென்றால் அடுத்த வரிக்குப் போய்விடும். அதனால் ஃபைல் எவ்வளவு பெரிதானாலும் கொஞ்சம் ரேமே போதும். டெர்மக்ஸ் ஆப் இருந்தால் உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் இது ஓடும்.

ஆனால் 'வரி' என்பதில்தான் வில்லங்கம். சில ஜேசான் ஃபைல்களில் என்டர் தட்டியதே இருக்காது. மொத்த ஃபைலும் ஒரே வரி! அந்த வரி முழுவதையும் கிரெப் ரேமில் பிடித்து வைக்கணும். முடியாதபோது 'மெமரி எக்ஸாஸ்டட்' என்று சொல்லி நின்றுவிடும். கருவி கெட்டுப்போகவில்லை, வரிதான் நீளம். முதலில் 'டிஆர்' கட்டளையால் ஒவ்வொரு பதிவும் முடிகிற நெளிவு அடைப்புக்குறியை வரிமுறிவாக மாற்றி, அதைக் கிரெப்புக்கு அனுப்புங்கள். காற்புள்ளியில் முறித்தால் பெயர் ஒரு வரியிலும் ஊர் இன்னொரு வரியிலும் பிரிஞ்சு போகும், கவனம்.

ஆயிரக்கணக்கான பெயர்களை ஒரே சமயத்தில் தேடக் கொடுத்தாலும் நினைவகம் வீங்கும். வெறும் பெயர்கள்தானே? கட்டளையில் பெரிய எழுத்து 'எஃப்' சேர்த்தால், அவற்றை எழுத்து மாறாமல் அப்படியே தேடும், சுமை குறையும்.

"ஃபைலை அனுப்புங்க, நாங்க தேடித் தர்றோம்" என்கிற இணையதளங்கள் உண்டு. பட்டியலில் மற்றவர்களின் பெயரும் போன் நம்பரும் இருந்தால் அங்கே ஏற்றவே வேண்டாம். கிரெப் உங்கள் போனுக்குள்ளேயே தேடி முடித்துவிடும். பிடிஎஃப்புக்கு மட்டும் இந்த வழி நேரடியாக ஆகாது; அதே பட்டியல் சிஎஸ்வி வடிவில் கிடைக்குதான்னு முதலில் பாருங்கள்.