சேவைக் கட்டணமும் நுகர்வோர் உரிமையும்: எஞ்சின் திருத்தக் கூலி பற்றிய பிணக்கு

பொருளொன்றை வாங்கும்போது நிறை, விலை, காலாவதித் திகதி என்பவற்றைப் பார்த்து வாங்குகின்றோம். சேவையொன்றைப் பெறும்போது அவ்வாறு பார்ப்பது கடினம். வாகனத் திருத்துமிடத்தில் (கராஜில்) எஞ்சின் பிரிக்கப்படும்போது உரிமையாளர் பெரும்பாலும் அருகில் இருப்பதில்லை. மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். செய்த வேலையை அவ்வாறு பார்க்க முடியாது. கூலி பற்றிப் பிணக்கு எழுவதற்கு இதுவே முக்கிய காரணமாகும்.

சம்பவம் (கற்பனை)

பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான் ஒன்றின் எஞ்சின் பழுதடைந்தது. எஞ்சினை இறக்கி, முழுமையாகத் திருத்தி (ஓவர்ஹோல் செய்து), மீண்டும் பூட்டுவதற்குக் கூலி 60,000 ரூபா என எழுத்தில் மதிப்பீடு வழங்கப்பட்டது. வேலை நடைபெறுகையில் ஸ்டாட்டர் மோட்டரும் பழுது எனத் தொலைபேசியில் அறிவித்து, அதற்கு 8,000 ரூபா கூலி என உரிமையாளரின் சம்மதம் பெறப்பட்டது. கிளச் தட்டையும் மாற்றும்படி உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அதற்குக் கூலி பேசப்படவில்லை. இறுதிப் பட்டியலில் கூலி பின்வருமாறு இருந்தது.

1. எஞ்சின் இறக்கி ஓவர்ஹோல் செய்து பூட்டல் – ரூ. 60,000
2. சிலிண்டர் ஹெட் கழற்றிப் பூட்டல் – ரூ. 15,000
3. கியர்பெட்டி கழற்றிக் கிளச் தட்டு மாற்றல் – ரூ. 12,000
4. ஸ்டாட்டர் மோட்டர் திருத்தல் – ரூ. 8,000

மொத்தம் – ரூ. 95,000

வான் ஓடாத ஒவ்வொரு நாளும் உரிமையாளருக்கு வருமானம் இல்லை, பிள்ளைகளுக்கும் சிரமம். அவசரத்தில் முழுத்தொகையையும் கொடுப்பதா, கோபத்தில் ஒன்றும் கொடுக்காமல் விடுவதா? இரண்டும் சரியான வழியல்ல.

பகுப்பாய்வு

கூலியை மொத்தமாக அன்றி, உருப்படி உருப்படியாக ஆராய வேண்டும்.

- உருப்படி 1: எழுத்தில் உடன்பட்டது. செலுத்த வேண்டும்.
- உருப்படி 2: ஹெட்டைக் கழற்றாமல் ஓவர்ஹோல் செய்ய முடியாது. ஆகவே இவ்வேலை உருப்படி 1 இல் அடங்கியுள்ளது. இது ஒரே வேலைக்கு இருமுறை கூலி கேட்பதாகும்.
- உருப்படி 3: எஞ்சின் ஏற்கனவே கியர்பெட்டியிலிருந்து பிரித்து இறக்கப்பட்டிருந்ததால் கிளச் தட்டு வெளியே தெரியும். தட்டை மாற்றும் சிறு வேலைக்கு மாத்திரமே கூலி நியாயமானது. அதனை ரூ. 2,000 எனக் கொள்வோம்.
- உருப்படி 4: தனி வேலை, முன்கூட்டியே சம்மதம் பெறப்பட்டது. வாய்ச்சம்மதமாயினும் செலுத்த வேண்டும்.

நியாயமான கூலி: 60,000 + 2,000 + 8,000 = ரூ. 70,000
பிணக்குக்குரிய தொகை: 95,000 – 70,000 = ரூ. 25,000

செய்ய வேண்டியவை

1. வேலை, கூலி, உதிரிப்பாகம் என்பன வெவ்வேறாகக் காட்டப்பட்ட பட்டியலைக் கேட்டுப் பெறல்.
2. மதிப்பீட்டுடன் ஒப்பிட்டு, கராஜ் உரிமையாளருடன் அமைதியாகப் பேசுதல்.
3. பிணக்கற்ற தொகையைச் செலுத்த முன்வருதல். திருத்தியவருக்கு உரிய கூலி கிடைக்கும்வரை வாகனத்தைத் தடுத்துவைக்கும் உரிமை உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தின்படி அவருக்கு உண்டு. ஆகவே வாகனத்தைப் பலவந்தமாக எடுத்துச் செல்லலாகாது. வாகனம் உடனே தேவைப்படின், முழுத்தொகையையும் செலுத்தி, "25,000 ரூபாவை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" எனப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பமிடலாம்.
4. உடன்பாடு ஏற்படாவிடின், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபையை நாடுதல்.
5. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடல். சேவை பெற்று 3 மாதங்களுக்குள் முறையிட வேண்டும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்படும் என்ற உத்தரவாதம், சொல்லப்படாவிடினும் ஒப்பந்தத்தில் அடங்கியதாகவே கொள்ளப்படும்.

மாதிரி வினா

(அ) உருப்படி 2 ஐ உரிமையாளர் ஏன் மறுக்கலாம்? (2 புள்ளிகள்)
(ஆ) உருப்படி 4 ஐ அவர் ஏன் மறுக்க முடியாது? (2 புள்ளிகள்)
(இ) இப்பிணக்கைத் தவிர்க்க இரு தரப்பினரும் முன்கூட்டியே செய்திருக்க வேண்டியது யாது? (2 புள்ளிகள்)

விடை

(அ) ஹெட் கழற்றல் ஓவர்ஹோல் வேலையில் அடங்கும். அதற்கான கூலி உருப்படி 1 இல் சேர்ந்துள்ளது.
(ஆ) அது மேலதிகமான தனி வேலை. கூலியும் கூறப்பட்டுச் சம்மதம் பெறப்பட்டது.
(இ) கிளச் வேலைக்குரிய கூலியையும் வேலை தொடங்குமுன் பேசி, மதிப்பீட்டில் எழுதியிருக்க வேண்டும். மதிப்பீட்டுத் தொகையில் அடங்கும் வேலைகளையும் அதிலேயே குறித்திருக்க வேண்டும்.

மாணவர் கவனத்திற்கு: "கூலி அதிகம்" என்று மாத்திரம் எழுதினால் புள்ளிகள் கிடைக்கா. எந்த உருப்படி, எக்காரணத்தால், எவ்வளவு என்பதைக் காட்டுக. கராஜில் பேசும்போதும் இதுவே பயன்தரும். நுகர்வோர் ஏமாறாதிருப்பது எவ்வளவு முக்கியமோ, உழைத்தவரின் கூலியை மறுக்காதிருப்பதும் அவ்வளவு முக்கியம்.