ஓய்வுக்குப் பிறகு வரும் நாற்காலி

கேள்வி: சாலை விரிவாக்கத்துக்காக எங்கள் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. இழப்பீடு போதாது என்று உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறோம். விசாரிக்கும் நீதிபதி இன்னும் சில மாதங்களில் ஓய்வு பெறுகிறார். ஓய்வுபெற்ற நீதிபதிகள் ஆளுநராகிறார்கள், எம்.பி. ஆகிறார்கள் என்று படிக்கும்போது பயமாக இருக்கிறது. வழக்கில் எதிர்த்தரப்பே அரசாங்கம் ஆயிற்றே! இதைச் சட்டம் தடுக்காதா? வேறு நீதிபதி வேண்டும் என்று நாங்கள் கேட்கலாமா?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: சட்டம் தடுக்காது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஓய்வுக்குப் பின் இந்தியாவில் எந்த நீதிமன்றத்திலும் வழக்காடக் கூடாது என்கிறது அரசமைப்பின் 124(7) பிரிவு. அரசுப் பதவி ஏற்பது பற்றி அதில் பேச்சே இல்லை. இத்தனைக்கும், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவிக்காலம் முடிந்தபின் அரசுப் பதவி எதையும் ஏற்க முடியாது. மத்திய தேர்வாணையத் தலைவருக்கும் அதே தடை உண்டு. கணக்குப் பார்ப்பவருக்குப் போட்ட வேலியை, தீர்ப்புச் சொல்பவருக்கு ஏன் போடவில்லை?

அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் கே.டி. ஷா இதைத்தான் கேட்டார். அம்பேத்கர் ஏற்கவில்லை. நீதிமன்றத்துக்கு வருபவை பெரும்பாலும் குடிமக்கள் தங்களுக்குள் போடும் வழக்குகள், அரசுக்கு அவற்றில் அக்கறை மிகக் குறைவு என்பது அவர் வாதம். 1949இல் அது சரியாக இருந்திருக்கலாம். இன்று வரி, பணி நியமனம், நில எடுப்பு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தரப்பில் அரசு நிற்கிறது. உங்கள் வழக்கே சாட்சி.

1958இல் செடல்வாட் தலைமையிலான முதல் சட்ட ஆணையம், ஓய்வுபெற்ற நீதிபதிகள் அரசுப் பதவி ஏற்பதைத் தடுக்க வேண்டும் என்று தன் 14ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்த ஆணையத்தில் உறுப்பினராக இருந்த பம்பாய் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அதே ஆண்டில் அமெரிக்காவுக்கான இந்தியத் தூதராகப் போனார்! செடல்வாட்டுக்கு அதில் வருத்தம்தான். அரசியல்வாதிகளும் சளைத்தவர்கள் இல்லை. ஓய்வுக்குப் பிந்தைய பதவி ஆசை ஓய்வுக்கு முந்தைய தீர்ப்புகளைப் பாதிக்கிறது என்று 2012இல் எதிர்க்கட்சி வரிசையில் இருந்து குறைசொன்னவர் பா.ஜ.க.வின் அருண் ஜேட்லி. 2014இல் அவர் அமைச்சராக இருந்த ஆட்சிதான், அந்த ஆண்டு ஏப்ரலில் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பி. சதாசிவத்தை, உங்கள் ஈரோடு மாவட்டத்துக்காரரை, செப்டம்பரில் கேரள ஆளுநராக்கியது. இன்னொரு தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் 2019 நவம்பரில் ஓய்வு பெற்று, 2020 மார்ச்சில் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். உச்ச நீதிமன்ற நீதிபதி அப்துல் நசீர் 2023 ஜனவரி 4இல் ஓய்வு பெற்றார். பிப்ரவரி 12இல் ஆந்திர ஆளுநராக அறிவிக்கப்பட்டார். காங்கிரஸ் காலமும் விலக்கல்ல: பஹருல் இஸ்லாம் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்து நீதிபதியாகி, 1983இல் உச்ச நீதிமன்றப் பதவியைத் துறந்துவிட்டு மறுபடி காங்கிரஸ் எம்.பி. ஆனார்.

இவர்கள் பதவிக்காகத் தீர்ப்பு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும், அது என்னிடம் இல்லை. ஆனால் அவர்கள் நேர்மையாகவே எழுதியிருந்தாலும், பின்னால் வந்த பதவி அந்தத் தீர்ப்பின் மேல் ஒரு கறையை வைத்துவிடுகிறது. அதைத் துடைக்க அவர்களாலும் முடியாது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மனித உரிமை ஆணையம், தேசிய நுகர்வோர் ஆணையம் போன்றவற்றுக்கு நீதித்துறை அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த வேலைக்கு நீதிபதி போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தேர்வில் அரசின் கை ஓங்கக் கூடாது, அவ்வளவுதான். ஆளுநர் மாளிகையும் நியமன எம்.பி. இடமும் அப்படியல்ல. அவற்றுக்குச் சட்ட அனுபவம் தேவையே இல்லை. அவை ஆட்சியின் தயவால் மட்டுமே கிடைப்பவை. இவற்றைத்தான் அடியோடு தடுக்க வேண்டும் என்பேன். இரண்டு ஆண்டு இடைவெளி போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தயவை இரண்டு ஆண்டு கழித்தும் காட்டலாமே.

1997இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தங்களுக்குத் தாங்களே 16 நெறிகளை வகுத்துக்கொண்டார்கள். பரிசு வாங்காதே, பங்குச் சூதாட்டம் ஆடாதே, ஊடகங்களுக்குப் பேட்டி கொடுக்காதே என்றெல்லாம் உண்டு. ஓய்வுக்குப் பிந்தைய பதவி பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு ஆண்டு இடைவெளி கோரிய பொதுநல வழக்கையும் 2023இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் செலமேஸ்வர், குரியன் ஜோசப் போன்றோர் எந்தப் பதவியும் வேண்டாம் என்று தாங்களாகவே அறிவித்தது அவரவர் மனசாட்சி.

இனி உங்கள் வழக்கு. வேறு நீதிபதி கேட்காதீர்கள். உறவு, பணத் தொடர்பு, முன்பு அதே வழக்கில் ஆஜரானது போன்ற காரணம் இருந்தால் விலகக் கோரலாம். ஓய்வு நெருங்குகிறது என்பது காரணமாகாது. தங்களுக்குச் சாதகமான பெஞ்ச் தேடுகிறார்கள் என்ற பெயர்தான் மிஞ்சும். தீர்ப்பு பாதகமாக வந்தால், அதில் எழுதியிருக்கும் காரணங்களைத் தாக்கி உச்ச நீதிமன்றம் போகலாம்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. வாதம் முடிந்து, தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு, அதைச் சொல்லாமலேயே நீதிபதி ஓய்வு பெற்றுவிட்டால் இன்னொருவர் முன் முதலிலிருந்து வாதாட வேண்டும். அரசு வழக்கறிஞர் வாய்தா கேட்கும்போது எதிர்க்கச் சொல்லுங்கள். எழுத்துப்பூர்வ வாதத்தையும், பக்கத்து நிலங்களின் கிரையப் பத்திர நகல்களையும் இப்போதே தாக்கல் செய்துவிடச் சொல்லுங்கள்.