வயல்வெளியில் முதலுதவி: வீட்டில் அனைவரும் கற்கவேண்டிய பாடம்

நெற்பயிரில் குலைநோய் கண்டால் என்ன மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு என்று நம் உழவர்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள். வரப்பில் நடந்துவரும் ஆளைப் பாம்பு தீண்டினால் என்ன செய்வது என்று கேட்டாலோ ஆளுக்கொரு பதில் வருகிறது. அவற்றுள் பல ஆபத்தானவை.

உழவரைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. முதுநிலைப் பட்டப்படிப்பின்போது ஒரு கிராமத்தில் பருத்தி ஆய்வுத்திடல் அமைத்திருந்தேன். ஒருநாள் பொழுதுசாயும் நேரத்தில், மடை திருப்பச் சென்ற பெரியவர் ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. அவர் கெண்டைக்காலில் கயிற்றை இறுக்கிக் கட்டிய இருவருள் நானும் ஒருவன். அதோடு நிற்காமல், பச்சிலை கொடுப்பவரைத் தேடி இரண்டு மணி நேரத்தையும் வீணாக்கினோம். பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். உயிர் பிழைத்தது, ஆனால் பாதத்தின் முன்பகுதியை எடுக்கவேண்டியதாயிற்று. கட்டாமல் நேரே கொண்டுவந்திருந்தால் கால் தப்பியிருக்கக்கூடும் என்றார் மருத்துவர். பயிருக்குள் மருந்து ஊடுருவிப் பரவும் விதத்தைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். மனித உடலில் நஞ்சு பரவும் விதம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வீட்டில் ஒருவர் கற்றால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அந்த ஒருவரையே பாம்பு கடித்தால் என்ன செய்வது? மருத்துவர் வயலுக்கு வருவதில்லை. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது என்றாலும், பாதையில்லாத தோட்டத்திற்கு அது வந்துசேர நேரமாகும். அதுவரை பொறுப்பு பக்கத்தில் களையெடுப்பவருடையது, கஞ்சி கொண்டுவந்த மகளுடையது.

பாம்புக்கடி

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இவர்களுள் பெரும்பாலோர் கிராமத்தவர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் ஒரே நச்சுமுறிவு ஊசிமருந்து உண்டு. ஆகவே பாம்பை அடித்து எடுத்துச்செல்லத் தேவையில்லை. அடிக்கப்போய் இன்னொருவர் கடிபட்டதும் உண்டு.

இறுக்கிக் கட்டினால் நஞ்சு நின்றுவிடுவதில்லை. இரத்த ஓட்டமே நின்று, விரியன் கடித்த இடத்தின் சதை மேலும் அழுகுகிறது. கட்டைத் திடீரென அவிழ்த்தால், தேங்கிய நஞ்சு ஒரேயடியாக உடலில் ஏறிவிடும். கடிவாயைக் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடவே கூடாது. கடிபட்டவரைப் படுக்கவைத்து, மோதிரம், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிடவேண்டும். வீங்கியபின் இவை கழலா. எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல மூங்கில் தப்பையும் துண்டும் வைத்து, கடிபட்ட காலையோ கையையோ அசையாதபடி தளர்வாகக் கட்டுங்கள். அவரை நடக்கவிடாமல் தூக்கிச்செல்லுங்கள். வேறு வண்டி கிடைக்காவிட்டால் மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் உட்காரவைத்தாவது, நச்சுமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். இது பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கிறது. வலியோ வீக்கமோ இராது. பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்பார். பிறகு இமை தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சுத் திணறும். சுக்குக் கஷாயம் கொடுத்துக் காத்திருக்கும் நேரமல்ல அது.

பச்சிலையால் பிழைத்தவர்களை நீங்கள் சுட்டிக்காட்டலாம். கடிக்கும் பாம்பெல்லாம் நஞ்சுள்ளதல்ல. நஞ்சுள்ள பாம்பும் ஒவ்வொரு கடியிலும் நஞ்சைச் செலுத்துவதில்லை. பச்சிலை பிழைக்கவைத்ததாகச் சொல்லப்படுவோர் இப்படிக் கடிபட்டவர்களே.

பூச்சிமருந்து நஞ்சு

குடித்தால்தான் நஞ்சு என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. ஒழுகும் கைத்தெளிப்பானிலிருந்து முதுகில் வடியும் கரைசல் தோல் வழியாகவே உள்ளே செல்லும். குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகளில் இது மிகுதி. தெளிப்பவருக்கு எச்சில் ஒழுகி, வியர்த்துக்கொட்டி, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, தசை துடித்தால், வெயில் மயக்கம் என்று மரநிழலில் உட்காரவைத்து மோர் கொடுக்காதீர்கள்.

முதலில் அவரை மருந்தடித்த வயலைவிட்டு வெளியே கொண்டுவாருங்கள். நனைந்த உடைகளைக் களைந்து, சோப்பிட்டு நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். பம்புசெட் அருகில் இருந்தால் நல்லதாயிற்று. உதவுபவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ அணிவது அவசியம். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் தண்ணீர் ஊற்றவேண்டும். நினைவு தப்பினால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மருந்தைக் குடித்தவரானாலும் உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யவேண்டாம். எண்ணெய் கலந்த மருந்து நுரையீரலுக்குள் புகுந்தால் அது இன்னொரு ஆபத்து.

மறவாமல் எடுத்துச்செல்லவேண்டியது மருந்துப் புட்டி. அதன் சீட்டில் மருந்தின் பெயரும் மாற்றுமருந்தும் அச்சிடப்பட்டிருக்கும். பாஸ்பரஸ் வகைக்கு அட்ரோப்பின் உண்டு. பாராகுவாட் களைக்கொல்லிக்கு மாற்றுமருந்தே இல்லை. எது உள்ளே போயிற்று என்று தெரியாமல் மருத்துவர் தடுமாறக்கூடாது.

பிற விபத்துகள்

கதிரடிக்கும் இயந்திரத்தில் கை வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் இடைவிடாது அழுத்துங்கள். காப்பித்தூள் வேண்டாம். மோட்டாரில் மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். மூச்சும் பேச்சும் இல்லையெனில் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்திற்கு அழுத்தவேண்டும்.

இதை மட்டும் படித்துக் கற்க இயலாது. பொம்மையின்மீது அழுத்திப் பழகவேண்டும். செஞ்சிலுவைச் சங்கமும் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் இப்பயிற்சியை அளிக்கின்றன. உழவர் மன்றமோ மகளிர் குழுவோ சேர்ந்து கேட்டால் ஊரிலேயே ஏற்பாடு செய்ய வழியுண்டு.

பம்புசெட் அறையில் ஒரு தகரப்பெட்டி வையுங்கள். சுத்தமான துணிச்சுருள், சோப்பு, கையுறை, கத்தரிக்கோல், இரண்டு மூங்கில் தப்பை, டார்ச் விளக்கு ஆகியவை அதில் இருக்கட்டும். பாம்புக்கடி ஊசி இருப்பில் உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணையும், இரவில் வண்டி எடுக்கக்கூடிய அண்டைவீட்டாரின் எண்ணையும் பெட்டி மூடியின் உட்புறம் பெயிண்டால் எழுதிவையுங்கள்.