ஸ்பீடு பிரேக்கர் கேட்காதே

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுவது.  

பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் பிள்ளை மித்ரனை ஸ்கூட்டியில்தான் கொண்டுபோய் விடுகிறேன், நடத்திக் கூட்டிப்போகப் பயமாக இருக்கிறது என்று போனில் சொன்னாய். தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஸ்பீடு பிரேக்கர் கேட்டு மனு கொடுக்கப் போவதாகவும் சொன்னாய். மனு கட்டாயம் கொடு. ஆனால் ஸ்பீடு பிரேக்கர் கேட்டுக் கொடுக்காதே. வேலைக்காலம் முழுக்க நகராட்சியில் ரோடு வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

அந்த மனு போனால் என்ன நடக்கும் தெரியுமா? வேறு தெருவில் போட்டு மீந்த தார்க் கலவை ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்கும். காலையில் எழுந்து பார்த்தால் எருமை முதுகு மாதிரி ஒரு மேடு நிற்கும். வெள்ளைக் கோடு இருக்காது, முன்னெச்சரிக்கைப் பலகை இருக்காது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் வருகிற வண்டி அதில் அலுங்காமல் ஏறி இறங்கிவிடும். அந்த அளவில் ஒரு மேடு உங்கள் பக்கம் இருந்தால் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. மற்றதெல்லாம் முதுகெலும்புக்குத்தான் கேடு. பைக்கில் வருகிறவன் மேட்டின் ஓரத்தில் விட்ட சந்தில் புகுந்து போவான். பிள்ளை நடப்பதும் அந்த ஓரத்தில்தான்.

வேகத்தைத் திருப்பத்தில் பிடிக்க வேண்டும். தெருமுனையை அகல வளைவாக விட்டால் கார் வேகம் குறையாமல் திரும்பும். முனையை ஒடுக்கி நடைபாதையைக் கொஞ்சம் வெளியே தள்ளினால் தானாக நிதானிக்கும், பிள்ளை கடக்க வேண்டிய தூரமும் குறையும். பள்ளி வாசலில் கடக்கிற இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தச் சொல். வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற ஆற்றல் நாலு மடங்காகும். அதனால்தான் பள்ளி இருக்கிற தெருவில் 30 கிலோமீட்டருக்கு மேல் எவனுக்கும் வேலை இல்லை என்கிறேன்.

ஒருநாள் பள்ளிக்குப் போகும் வழியில் மித்ரன் உயரத்துக்குக் குனிந்து பார். நிறுத்தி வைத்திருக்கிற காரின் பானெட்டைத் தாண்டி அவனுக்கு ஒன்றும் தெரியாது. எதிரே வருகிற தண்ணீர் லாரிக்காரர் கண்ணுக்கும் அவன் தட்டுப்படமாட்டான். வண்டி எவ்வளவு வேகமாக வருகிறது என்று கணிக்கிற பக்குவம் அந்த வயதில் வராது. ‘பார்த்துப் போ’ என்று ஆயிரம் முறை சொல்லலாம், பார்க்க வழி இல்லாத இடத்தில் அவன் எதைப் பார்ப்பான்?

நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் இடம் வேண்டும், அதன் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் அதே ரோட்ஸ் காங்கிரஸ் விதிதான். நீ அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்க அது தாராளம். ஆனால் தெருவில் இருப்பது என்ன? இருபது அடி நடந்தால் ஈபி பாக்ஸ், அதைத் தாண்டினால் வடிகால் மூடி உடைந்த பள்ளம், அப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏற்றுவதற்கு ஒரு ரேம்ப். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் ரோடு உயர்ந்தது. மழைத் தண்ணீருக்குப் பயந்து வீட்டுக்காரர்கள் தரையை உயர்த்தினார்கள். ரேம்ப் நடைபாதையைத் தின்றுவிட்டு ரோட்டில் கால் நீட்டுகிறது. ஆகவே மனு எழுதும்முன் கையெழுத்துப் போடுகிறவர்களிடம் கேள், அவரவர் ரேம்பை வாசலுக்குள் இழுத்துக்கொள்வார்களா என்று. பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். மீதிப் பேரை வைத்துக்கொண்டு ஆரம்பி.

முனையில் பூ விற்கிற அம்மாவையும் இளநீர் வண்டியையும் அகற்று என்று மட்டும் எழுதிவிடாதே. அவர்கள் இருப்பதால்தான் அந்த முனையில் நாலு கண் இருக்கிறது. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய இடம் நடைபாதையை அடைக்காமல் இருந்தால் போதும்.

உன் கையில் இருக்கிற பலம் சின்னதில்லை. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் செலவிட வேண்டும் என்று உங்கள் சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகல நடைபாதை வந்தது, நல்லதுதான். ஆனால் கடைக்குப் போகிறவனுக்குக் கிடைத்தது பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இன்னும் கிடைக்கவில்லை. தடையில்லாத நடைபாதை வாழும் உரிமையில் சேர்த்தி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மனுவில் இதை முதல் வரியாக எழுது.

போக வேண்டிய இடமும் நேரமும் முக்கியம். 2022 நவம்பர் 1-ல் உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டு, மித்ரனையும் கூட்டிக்கொண்டு போ. அதற்கு முன்பே வார்டு உதவிப் பொறியாளரைப் பார்த்துவிடு. ரோடு வேலைக்கு டெண்டர் விட்ட பிறகு போனால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எஸ்டிமேட்டில் இல்லாத வேலையை எந்த கான்ட்ராக்டரும் செய்யமாட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை டேப் ஒன்று எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து பள்ளி வாசல் வரை அளந்து, எந்தெந்த இடத்தில் என்ன தடை என்று எழுதி எனக்கு அனுப்பு. மனுவை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா